அரிப்பைக் கடல் அரிக்குமுன்

விடுமுறை வந்ததும் நாம் மலைநாட்டையே நாடுகின்றோம். ஒரு நாளேனும் குடும்பத்தோடு மன்னார்க் கரைக்குச் செல்வது நன்று. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியிற் செல்கையில், மாரி காலத்திலே பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் இரைதேடுவதைக் காணலாம். அதனைக் கடந்ததும், போர்த்துக்கேயர் 1560 இல் அமைத்து, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை தோன்றும். பள்ளிமுனையில் ஏறக்குறைய 19 மீற்றர் சுற்றளவுள்ள பெருக்கமரம் ஒன்று நிற்கின்றது. எத்தனை சிறுவர் கைகோத்தால் அதனைச் சுற்றி வளைக்கலாம் என்று பார்ப்பது இனிய விளையாட்டு. இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர்.

ஆயினும் நாம் காலந்தாழ்த்தாது காணவேண்டியது, தெற்கே பெருநிலக் கரையிலுள்ள அரிப்பு. அங்கு இடிந்து நிற்கும் செங்கற் கட்டடத்தை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்பர். உண்மையில் அது, பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை. அல்லியின் கதையோ அதற்கு மிக முந்தியது. கதை எது, வரலாறு எது என மாணவர் பிரித்தறிதற்கு இதனினும் நல்ல பாடம் வேறேது?

ஆனால், அலைகள் கரையை அரிக்க, மாளிகையின் பகுதிகள் கடலில் வீழ்ந்து வருகின்றன. எஞ்சிய சுவர்களில் ஏறாது, ஒரு செங்கல்லையும் எடுக்காது, பிள்ளைகளுக்குக் காட்டி வருவோமாக.