பால்மரத்தின் தாய்வீடு

நாமும் நம் பெற்றோரும் நிரை பிடித்து வெட்டிய பால்மரம் மலேசிய மண்ணில் தானாகத் தோன்றியதன்று. அதன் தாய்வீடு தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாடு. மலேசியாவைப் போல் 25 மடங்கு பரந்த அந்நாட்டில் காணத்தக்க இடங்கள் பல. அவற்றுள் பால்மரம் பிறந்த அமேசான் காட்டுப் பகுதிக்கு இன்று சென்று வருவோம்.

முதலில் மனாவுஸ் நகரம். கடலிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் உள்ளே, காட்டின் நடுவே இருக்கிறது. பெரிய கப்பல்களும் ஆற்றின் வழியாகவே இங்கு வந்து சேர்கின்றன. நகருக்கு அருகில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஒன்று ரியோ நீக்ரோ. காட்டு இலைகள் ஊறிய அதன் நீர் 'தே ஓ' போல் கறுத்திருக்கும். மற்றொன்று சோலிமோயிஸ். வண்டல் கலந்த அதன் நீர் பால் தேநீரின் நிறம். இரண்டும் சுமார் 6 கிலோமீட்டர் தூரம் கலக்காமல் அருகருகே ஓடுகின்றன. காரணம் என்ன? ஒன்று வெதுவெதுப்பாக, மெல்ல வருகிறது. மற்றது குளிர்ந்து, வண்டலால் கனத்து, விரைந்து வருகிறது.

அடுத்து, அதே நகரில் 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு. இத்தாலியப் பளிங்கால் அழகுபடுத்தப்பட்டது. அதன் குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன.

நடுக்காட்டில் இவ்வளவு செல்வம் எப்படி வந்தது? எல்லாம் ரப்பர் கொடுத்த பணம். ஆனால் பால் எடுத்தவர் நிலை வேறு. அங்கே மரங்கள் நம் தோட்டத்தைப் போல் வரிசையாக இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாய் நின்றன. தொழிலாளி காட்டுப் பாதையில் நடந்து நடந்து வெட்டி, சேர்த்த பாலைப் புகையில் காட்டி உருண்டையாக்குவார். உணவும் கத்தியும் முதலாளி கடையில் கடனுக்கு. எவ்வளவு ரப்பர் கொடுத்தாலும் கடன் தீராது. கடைக்கணக்கின் கதை நம் பெரியவர்களுக்குப் புதிதன்று.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். 1877இல் கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர், காட்டு ரப்பரை மிஞ்சியது. மனாவுஸின் செல்வம் சரிந்தது. அரங்கமும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. இன்று அங்கே மீண்டும் இசை ஒலிக்கிறது.

பிரேசிலிலும் தோட்டம் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 1928 முதல் ஃபோர்டு நிறுவனம் முயன்று பார்த்தது. மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக்கருகல் நோய் பரவியது. 1945இல் முயற்சி கைவிடப்பட்டது.

கடைசியாக, ஆக்ரி மாநிலத்தின் ஷாப்புரி என்னும் சிற்றூர். இங்கே பால்மரம் வெட்டி வாழ்ந்தவர் சிக்கோ மென்டிஸ். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழிக்க வந்தபோது, தொழிலாளர் குடும்பங்களைத் திரட்டி மரங்களுக்கு முன் நிற்க வைத்தார். 1988 டிசம்பர் 22ஆம் நாள் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் 9 இலட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு அவர் பெயரில் காப்பகமாயிற்று. காட்டை அழிக்காமல் பால் எடுத்தும் கொட்டை பொறுக்கியும் வாழும் உரிமையை அங்குள்ள குடும்பங்கள் பெற்றன.

நேயர்களே, நம்மில் யாரேனும் அங்குச் செல்ல நேர்ந்தால், செடி, விதை, இலை எதையும் கொண்டு வர வேண்டாம். அந்த இலைநோய் இங்கே வந்தால் நம் பால்மரங்கள் தாங்கா. அரங்கத்தின் அழகைப் பார்க்கும்போது, அதற்குப் பால் சுமந்த கைகளையும் நினைத்துக் கொள்வோம்.