எண்மாற்றியும் விரைவுப் பெருக்கியும்

வெப்பம், அழுத்தம், ஒலி முதலியவற்றை அளக்கும் கருவிகள் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது எண்மாற்றி. அதன் முன் நின்று, நலிந்த சமிக்ஞையை வலுப்படுத்தித் தருவது செயற்பாட்டுப் பெருக்கி.

எண்மாற்றியினுள் ஒரு சிறு மின்தேக்கி உண்டு. ஒவ்வோர் அளவெடுப்பிலும் அது பெருக்கியிடமிருந்து திடீரென மின்னூட்டத்தைப் பெறுகிறது. பெருக்கியின் மின்னழுத்தம் சற்றே தடுமாறுகிறது. அத்தடுமாற்றம் அடங்குமுன் அளவு பதிவாகுமாயின் எண் பிழைபடும். பின்னர் அப்பிழையைக் கணக்கினால் களைதல் அரிது.

12 பிட் எண்மாற்றி முழு அளவை 4,096 படிகளாகப் பகுக்கிறது. முழு அளவு மாறும்பொழுது பிழை அரைப்படிக்குள் அடங்குவதற்கு, பெருக்கியின் விரைவைக் குறிக்கும் காலமாறிலியைப் போல் 9 மடங்கு நேரம் வேண்டும். 16 பிட்டாயின் ஏறத்தாழ 12 மடங்கு. விநாடிக்கு 10 இலட்சம் அளவுகள் எடுக்கும் கருவியில் இதற்கு 300 நானோ விநாடியே கிடைக்குமெனக் கொள்வோம். 12 பிட் நுட்பத்துக்குக் காலமாறிலி 33 நானோ விநாடியை மிஞ்சலாகாது. ஆகவே சமிக்ஞை 0.5 மெகாஹெர்ட்சுக்கு உட்பட்டதாயினும், பெருக்கி ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்சு வரை இயங்குதல் வேண்டும்.

எனினும், விரைவு மிகின் இரைச்சலும் மிகும். எனவே இரண்டிற்கும் இடையே சிறு மின்தடையையும் மின்தேக்கியையும் அமைப்பர். மின்தேக்கி திடீர்த் தேவையை ஈடுசெய்யும். மின்தடை பெருக்கி அலைவுறாமல் காக்கும். விரைவும் நிலைப்பும் ஒருங்கே அமைந்த இணைப்பே நம்பத்தக்க எண்ணைத் தரும்.