சட்டைப்பைக்குள் ஓர் இருட்டறை

நடுப்பகலில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படமெடுக்கப் பாருங்கள். பின்பக்கத் திரையில் முதலில் தெரிவது உங்கள் சட்டைதான். வெள்ளைச் சட்டையாக இருந்துவிட்டால் பொத்தான், பையில் செருகிய பேனா எல்லாம் துல்லியமாகத் தெரியும். எடுக்க நினைத்த ஆளைத்தான் காணோம்.

திரை மட்டமானது என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, கணக்கே அப்படி. உச்சிவெயில் ஒரு பரப்பின் மேல் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. வெள்ளைத் துணி அதில் எண்பது சதவீதத்தைச் சிதறடிக்கும். அப்போது அதன் ஒளிர்வு சுமார் 25,000 நிட். டி.வி. விளம்பரங்களில் வருகிற அதே நிட்தான். ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு. சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 25,000-இல் 4 சதவீதம் என்றால் 1,000 நிட். கேமராவின் பின்திரை ஓடுவது சில நூறு நிட்டில், மிஞ்சிப்போனால் ஆயிரத்தைத் தொடும். ஆக, திரைக்குள் ஓடும் படத்தைவிட அதன் மேல் விழும் சட்டையின் பிம்பம் பிரகாசமாக இருக்கிறது. படத்தில் முதலில் தொலைவது கருமையான இடங்கள்: தலைமுடி, மரத்தடி நிழல், முகத்தில் கண் இருக்கும் குழி. கடைசியில் ஒரு துண்டு ஆகாயம் மட்டும் மிஞ்சும். எதிர்ப்பிம்பத்தைக் குறைக்கும் பூச்சு பூசினால் நிலைமை கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

செல்போன் திரை மட்டும் வெயிலில் தெரிகிறதே என்று கேட்கலாம். அதன் வயிற்றில் இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். இன்றைய போன்கள் பலவற்றில் 15 வாட்-மணிக்கு மேல் சேமிப்பு உண்டு. சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசை கேமராவில் போடும் பேட்டரி 4.5 வாட்-மணி. அதிலிருந்துதான் லென்ஸ் மோட்டாரும் ஓட வேண்டும், சென்சாரும் ஓட வேண்டும், திரையும் எரிய வேண்டும். போனுக்கு நிகராகத் திரையை எரிய விட்டால் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்காது.

வெளிச்சத்தைக் கூட்ட முடியாவிட்டால் இருட்டைக் கொண்டுவர வேண்டியதுதான். டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்களுக்கு இது பாலபாடம். பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். புரொஜக்டர் எவ்வளவு பலமாக எரிந்தாலும் பகல் வெளிச்சம் புகுந்த கொட்டகையில் திரைக்குக் கறுப்பு என்ற நிறமே வராது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் அப்படி ஒரு கொட்டகைதான். ஒரு கண்ணுக்கு மட்டும் இடம், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஒரு குட்டித் திரை மங்கலாக எரிந்தாலே போதும், படம் பளிச்சென்று நிற்கும்.

அப்படியானால் விலை கூடிய எல்லாச் சின்ன கேமராவிலும் இது இருக்க வேண்டுமே? இல்லை. 2014-இல் சோனி தன் ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் பதிப்பில் வியூஃபைண்டரைப் பொருத்தியது. அதே ஆண்டு, அதே ஒரு அங்குல வகை சென்சாரோடு கேனன் கொண்டுவந்த ஜி7 எக்ஸில் அது கிடையாது. 2019-இல் வந்த ஜி7 எக்ஸின் மூன்றாம் பதிப்பிலும் கிடையாது. ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல் கேமராக்களில் என்றைக்குமே இருந்ததில்லை, ஆனாலும் தெருப் புகைப்படக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். இத்தனை கெட்டிக்காரப் பொறியாளர்கள் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்கிறார்கள் என்றால், கேள்வியிலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது.

கையடக்கக் கேமரா பிறந்ததே வியூஃபைண்டர் இல்லாமல்தான். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் விற்ற முதல் கோடக் பெட்டியின் தலையில் ‘வி’ வடிவத்தில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் திசையில் குத்துமதிப்பாகக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சுருளில் 100 படம், எல்லாமே வட்ட வடிவம். பிறகு வந்த சின்ன கேமராக்களில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. கிட்டத்தில் எடுக்கும்போது தலை வெட்டுப்பட்டதெல்லாம் இதனால்தான். 1995-இல் கேசியோவின் க்யூவி-10 பின்னால் எல்.சி.டி. திரையோடு வந்தது. பொதுமக்கள் வாங்கும் டிஜிட்டல் கேமராவில் அப்படித் திரை வைத்தது அதுவே முதல். படம் வெறும் 320-க்கு 240 பிக்சல். ஆனால் சென்சார் பார்ப்பதை அப்படியே நாமும் பார்க்க முடிந்தது. அதோடு கண்ணாடி ஜன்னலுக்கு மவுசு குறையத் தொடங்கியது. கேனனின் ஜி வரிசையோ 2013-இல் வந்த ஜி16 வரை அதை விடாமல் வைத்திருந்தது.

சோனி 2014-இல் செய்ததைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். கேமராவின் இடது விலாவில் ஒரு சிறு விசை. அதைக் கீழே தள்ளினால் மூலையிலிருந்து ஒரு சதுரக் குமிழ் ‘டக்’கென்று எழும்பும். அதோடு முடியவில்லை. கண் வைக்கும் பகுதியை விரலால் பின்பக்கம் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கலாகத்தான் தெரியும். அந்த இழுப்பு ஒரு தொல்லை என்பதை சோனியே ஒப்புக்கொண்டது போல, 2018-இல் வந்த ஆறாம் பதிப்பில் ஒரே தள்ளலில் எல்லாம் நடந்துவிடும்.

உள்ளே இருக்கும் திரையின் மூலைக்கு மூலை நீளம் ஒரு சென்டிமீட்டர். ஏறக்குறைய சுண்டுவிரல் நகம். ஆறாம் பதிப்பில் அந்த நகத்துக்குள் 23.6 லட்சம் புள்ளிகள் என்று விளம்பரம் சொல்லும். இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிச் சொல்லும் கணக்கு இது. மூன்றால் வகுத்தால் 1024-க்கு 768 பிக்சல், அதாவது முக்கால் மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 20 மெகாபிக்சல் படம் எடுக்கும் கேமராவில் முக்கால் மெகாபிக்சல் ஜன்னல்! ஆனாலும் அதை ஏளனம் செய்ய மனம் வரவில்லை. ஒரு பிக்சலின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஒன்பது, பத்துப் பிக்சல் அடங்கிவிடும். இதைக் கண்ணாடித் தகட்டில் செய்ய முடியாது என்பதால், கம்ப்யூட்டர் சில்லு செய்கிற அதே சிலிக்கான் தகட்டின் மேல் மின்சுற்றைச் செதுக்கி, அதன் மேல் ஓஎல்இடி படலத்தைப் பரப்புகிறார்கள்.

நகத்தளவு திரையை வெறும் கண்ணால் பார்த்து ஒன்றும் ஆகாது. அதற்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடி நிற்கிறது. அதன் வழியாகப் பார்க்கும்போது படம் கண்ணில் சுமார் 28 பாகை விரிகிறது. மூன்று அங்குலப் பின்திரையை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் விரிவது அதில் பாதி, 14 பாகைதான். அதாவது நகத்தளவு திரை, உள்ளங்கை அளவு திரையைவிடப் பரப்பில் நான்கு மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

பூதக்கண்ணாடி இன்னொரு வேலையும் செய்கிறது, எனக்கு அதுதான் பெரிது. கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருக்கும் திரையை, ஒரு மீட்டர் தூரத்தில் மிதப்பது போல் காட்டுகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு 30 சென்டிமீட்டரில் இருக்கும் பின்திரை கலங்கும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் திரை தெரியும், எதிரே நிற்கிற ஆள் கலங்குவார். போட்டும் கழற்றியும் முடிப்பதற்குள் எடுக்க வேண்டிய தருணம் போய்விடும். வியூஃபைண்டரின் தலையில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை நகர்த்தி, மைனஸ் 4 முதல் பிளஸ் 3 வரை நம் கண்ணின் பவருக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு மட்டும் இது முழுத் தீர்வு ஆகாது.

அடுத்தது ஜூம். 28 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் 65 பாகையை விழுங்குகிறது. கேமராவை அந்தப் பக்கமாகத் திருப்பினாலே பொருள் உள்ளே வந்துவிடும். 200 மில்லிமீட்டருக்கு இழுத்தால் மிஞ்சுவது 10 பாகை. கை ஒரு பாகை ஆடினால் படம் பத்தில் ஒரு பங்கு நகரும். நீட்டிய கையில் கேமராவைப் பிடித்து, மரத்தில் இருக்கும் மீன்கொத்தியைத் திரைக்குள் தேடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கிளை வரும், இலை வரும், பறவை வராது. கேமராவைக் கண்ணோடு சேர்த்துவிட்டால் முழங்கைகள் விலாவில் ஒட்டும், நெற்றி மூன்றாவது தாங்கலாகும். கண், லென்ஸ், பறவை மூன்றும் ஒரே கோட்டில் வரும். ஆடுவதும் குறையும், தேடுவதும் குறையும். ஆர்எக்ஸ்100-இன் ஆறாம் பதிப்பு 24-லிருந்து 200 வரை ஜூம் கொண்டது. அதில் வியூஃபைண்டர் இல்லாமலிருந்தால் அந்த 200 பாதி வீண்.

இப்போது ரிக்கோவின் பக்கம். ஜிஆர் 3-இல் ஜூமே இல்லை. பழைய ஃபிலிம் கணக்கில் 28 மில்லிமீட்டர் பார்வை, அவ்வளவுதான். உண்மையில் அதன் லென்ஸின் குவியத் தொலைவு 18.3 மில்லிமீட்டர். இவ்வளவு குட்டையான லென்ஸின் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி, ஃபோகஸை 2.5 மீட்டரில் பூட்டிவிட்டால், ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். தூரத்தை முன்கூட்டியே பூட்டிக்கொள்ள அதில் தனி வசதியே வைத்திருக்கிறார்கள். வெயிலில் திரை தெரியாவிட்டால் என்ன? 65 பாகைக்குள் என்ன விழும் என்பது பழகிய கைக்குத் தெரியும். நெஞ்சருகே பிடித்துக்கொண்டு நடந்தபடியே எடுப்பவர்கள் திரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு விதத்தில் 1888-இன் ‘வி’ கோட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். கேமராவை முகத்துக்கு உயர்த்தினால் எதிரே இருப்பவர் உடனே விறைத்துக்கொள்வார். உயர்த்தாவிட்டால் தன் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பார். தெருவில் எடுப்பவருக்கு இது பெரிய லாபம்.

வியூஃபைண்டர் இலவசமாகவும் வருவதில்லை. ஆர்எக்ஸ்100-இன் முதல் பதிப்பு 35.9 மில்லிமீட்டர் தடிமன், 240 கிராம். மூன்றாம் பதிப்பு 41 மில்லிமீட்டர், 290 கிராம். எல்லாப் பழியையும் வியூஃபைண்டர் மேல் போட முடியாது, லென்ஸும் மாறியிருந்தது. ஆனால் இரண்டாம் பதிப்பில் தலையில் இருந்த ஹாட் ஷூ, அதாவது வெளி ஃபிளாஷைச் செருகும் இடம், மூன்றாவதில் காணாமல் போனதற்கு இந்தக் குமிழுக்கும் ஃபிளாஷுக்கும் இடம் தேவைப்பட்டதுதான் காரணம். சின்ன கேமராவின் தலை சென்னை நகரத்து மனை மாதிரி, ஒன்று வந்தால் இன்னொன்று காலிசெய்ய வேண்டும். 2020-இல் வந்த சோனியின் ஸெட்வி-1 இதற்கு நல்ல சாட்சி. பேசிக்கொண்டே வீடியோ எடுப்பவர்களுக்கான கேமரா என்பதால் வியூஃபைண்டரைத் தூக்கிவிட்டு, மூன்று மைக்கைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தன்னைத் தானே எடுப்பவர் வியூஃபைண்டரில் கண் வைக்க வழியில்லை, சரியான முடிவு.

சிறு தொல்லைகளும் உண்டு. இடது கண்ணால் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களின் மூக்கு பின்திரையில் இடிக்கும். தொடுதிரை அதை விரல் என்று நம்பி ஃபோகஸை எங்கேயோ கொண்டுபோய் வைக்கும். வெயிலிலிருந்து சட்டென்று கண் வைத்தால் முதல் சில நொடி படம் மங்கலாகத் தெரியும். அது திரையின் குறையல்ல, கண் இருட்டுக்குப் பழக எடுத்துக்கொள்ளும் நேரம்.

என் தீர்ப்பு இது. விலையும் சென்சாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. லென்ஸின் நீளமும் வாங்குபவரின் வயதும் சொல்லும். மாறாத அகலமான லென்ஸ், இளங்கண், தெருவில் நடந்தபடி எடுக்கும் ஆசை என்றால் வியூஃபைண்டருக்குக் கொடுக்கும் காசு தண்டம். ஜூம் 100 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, வாங்குபவர் நாற்பதைத் தாண்டினாலோ அது இல்லாத கேமராவைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டிலும் சேராதவர்களுக்கு ஒரு சோதனை. கடையின் குளிர்ந்த விளக்கொளியில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும். பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு கேமராவோடு வாசலுக்கு வாருங்கள். நடுப்பகலாக இருக்கட்டும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஜூமைக் கடைசி வரை இழுத்து, எதிர்ச்சாரியில் இருக்கும் கடைப் பலகை எழுத்தைத் திரையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வியூஃபைண்டர் இல்லாததையே வாங்குங்கள், மிஞ்சுகிற காசுக்கு இரண்டு பேட்டரி கூடுதலாகக் கிடைக்கும்.