பிடிக்க வேண்டுமா? பிரேக் போடு!

விண்வெளியில் இரு கலங்களை இணைப்பது சாலை விதிகளைத் தலைகீழாக்கும் வித்தை. இந்தியா இப்போதுதான் அதில் அரிச்சுவடி படித்திருக்கிறது.

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சுமார் ஒரு வாரம் தங்கி ஆய்வு நடத்திய சல்யூட் 7 விண்வெளி நிலையம், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் திடீரென்று ஊமையாகிவிட்டது. தரையிலிருந்து போன கட்டளை எதற்கும் பதில் இல்லை. சுமார் 20 டன் எடையுள்ள நிலையம், ஆளில்லாமல், மின்சாரமில்லாமல், உறைந்துபோய் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கைகழுவிவிடுவதா, ஆள் அனுப்பி உயிர் கொடுப்பதா? சோவியத் அதிகாரிகள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ரிப்பேர் வேலைக்கு முன்பே ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது: செத்துக் கிடக்கும் நிலையத்தைப் போய்ப் பிடிப்பது எப்படி?

நல்ல நிலையில் உள்ள நிலையத்தைப் பிடிப்பதே லேசான காரியமல்ல. 400 கி.மீ. உயரத்தில் கலங்கள் மணிக்கு சுமார் 27,600 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. சாலையில் முன்னால் போகும் பஸ்ஸை எட்ட டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். சுற்றுப்பாதையில் அப்படிச் செய்தால் கலம் இன்னும் உயரமான பாதைக்கு ஏறிவிடும். அந்தப் பாதை நீளமானது. அதைச் சுற்றிவர நேரமும் அதிகம் ஆகும். விளைவு, கலம் பின்தங்கிவிடும். பிரேக் போட்டால்தான் கீழே இறங்கி, குட்டைப் பாதையில் சீக்கிரமாகச் சுற்றி, முன்னால் போவதை நெருங்கும். பிறகு கணக்குப் பார்த்து, சரியான நொடியில் எஞ்சினை இயக்கி மேலே ஏற வேண்டும்.

1965 ஜூனில் அமெரிக்க வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட் இதை அனுபவத்தில் கற்றார். தன் ஜெமினி 4 கலத்திலிருந்து பிரிந்த ராக்கெட் பகுதியை நோக்கி, விமானம் ஓட்டும் பாணியில் கலத்தைத் திருப்பிச் செலுத்தினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைய, முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், கணக்குப்படி போன வால்டர் ஷிரா தன் ஜெமினி 6ஏ கலத்தை ஜெமினி 7க்கு 30 செ.மீ. அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும், ஆளில்லாத அஜீனா கலத்துடன் ஜெமினி 8ஐ இணைத்தார்கள். உலகின் முதல் இணைப்பு அதுதான். ஆளுள்ள இரு கலங்களை முதலில் இணைத்தது சோவியத் யூனியன்: 1969 ஜனவரி 16, சோயூஸ் 4, சோயூஸ் 5.

கடைசி சில மீட்டர்களில் பொறுமைதான் எல்லாம். இரு கலங்களும் தொடும்போது வேக வித்தியாசம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் இருக்கலாம். சோயூஸில் அதிகபட்சம் சுமார் 30 செ.மீ. வேகம் கூடினால் மோதல். குறைந்தால் கொக்கி மாட்டாது. மாட்டிய பிறகும் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கதவைத் திறப்பார்கள்.

சோவியத் கலங்களில் இதையெல்லாம் 'இக்லா' என்ற தானியங்கிக் கருவி கவனித்தது. கலமும் நிலையமும் ரேடியோ அலைகள் மூலம் 'பேசி' தூரத்தையும் வேகத்தையும் அறிந்துகொள்ளும். சல்யூட் 7 பேசாததால் இக்லாவால் பயனில்லை. எனவே, 1982லேயே தானியங்கி கைவிட்ட நேரத்தில் அதே நிலையத்துடன் கலத்தைக் கையால் இணைத்த விளாதிமிர் ஜானிபெகோவ் அழைக்கப்பட்டார். அவரும் பொறியாளர் விக்டர் சவினிக்கும் 1985 ஜூன் 6 அன்று சோயூஸ் டி-13இல் கிளம்பினார்கள். தரையிலுள்ள ரேடார்கள் தந்த கணக்கு அவர்களை நிலையத்தின் அருகே கொண்டுபோய்விட்டது. மிச்சத் தூரத்துக்கு இருந்தவை, தூரம் அளக்கும் ஒரு கைலேசர் கருவியும் இரண்டு ஜோடிக் கண்களும். ஜூன் 8 அன்று ஜானிபெகோவ் கலத்தைப் பதமாக இணைத்தார்.

உள்ளே சுவர்களில் உறைபனி. கம்பளித் தொப்பியுடன் வேலை பார்த்தார்கள். பேட்டரியின் சார்ஜைக் கண்காணிக்கும் ஒரு சென்சாரின் கோளாறுதான் நிலையத்தைச் சாய்த்திருந்தது. பேட்டரிகளை நேரடியாகச் சூரியத் தகடுகளுடன் இணைத்ததும் சல்யூட் பிழைத்துக்கொண்டது.

இந்தியாவின் முறை நாற்பது ஆண்டு கழித்து வந்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை, 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ இணைத்தது. நான்கு நாள் முன்பு 3 மீட்டர் வரை நெருங்கவிட்டு, அவசரப்படாமல் பின்வாங்க வைத்திருந்தது. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து இந்தியா நான்காவது நாடு. அதே ஆண்டு ஜூன் 26 அன்று சுபான்ஷு சுக்லா சென்ற டிராகன் கலம், சர்வதேச விண்வெளி நிலையத்துடன் தானாகவே இணைந்தது.

2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்பது இந்தியாவின் திட்டம். அதன் ஒவ்வொரு பகுதியும் இப்படித்தான் ஒன்றோடொன்று சேர வேண்டும். வீரர்களும் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும். ஸ்பேடெக்ஸில் இரு கலங்களும் ஒத்துழைத்தன. உள்ளே ஆள் யாரும் இல்லை. எதிர்முனை மௌனமாகிவிட்டால் கலத்தைக் கையால் ஓட்டிச் சேர்க்கக்கூடியவர்களை உருவாக்குவது இனிமேல்தான் இருக்கிறது. ராகேஷ் சர்மா தங்கியிருந்த நிலையத்தையே காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு கைதான்.