வாசலுக்கு வந்த பைபரும் பத்து நாள் அவகாசமும்

கடந்த தை மாதம் ஊரில் எங்கள் ஐயா காலமானார். செத்தவீடு கரவெட்டியில். நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் மூன்று தட்டு வீடொன்றின் நடுத்தட்டில். அகதி வழக்கு முடியாதவர்கள் ஊருக்குப் போய்க் கொள்ளி வைப்பதென்பது நடக்கக் கூடிய காரியமல்ல என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. குசினி மேசையில் ரெலிபோனைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார்த்தோம். ஊரில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாரியில் முதல்நாள் இரவு பத்தரை. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

பிரேதம் தூக்குகின்ற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் வட்டம் ஒன்று சுழன்றது. பறைச் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. திரும்பப் படம் வந்தபோது முற்றம் வெறுமையாகக் கிடந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், ஒன்பது நாள் கழித்துச் சனிக்கிழமை கதவைத் தட்டிய இரண்டு இளைஞர்களுக்கு நாங்கள் ஏன் அவ்வளவு சுலபமாகக் கையெழுத்து வைத்தோம் என்பது அப்போதுதான் விளங்கும். உங்கள் தெருவுக்குப் பைபர் வந்துவிட்டது, இனிமேல் படம் நிற்கவே நிற்காது என்றார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன்தான் மொழிபெயர்ப்பாளர். மாதம் 60 டொலர். 24 மாதக் கட்டு. 240 டொலர் பெறுமதியான றூட்டர் இலவசம். சிறிய திரையில் விரலால் கையெழுத்து. கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் பூட்டுவதற்கு ஆள் வரும் என்றார்கள். கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம், எங்கள் அவசரமும் அதில் பாதி.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் மதிய இடைவேளையின்போது பெருமையோடு கதையைச் சொன்னோம். எங்களோடு நிற்கும் ஹெயிற்றி நாட்டு நண்பர் இங்கே இருபது வருடம் இருந்தவர். அவர் வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ கேட்கவில்லை. "உங்கள் வீட்டு லீஸ் எத்தனை மாதம்?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. கியூபெக்கில் பெரும்பாலான வீட்டு லீஸ்கள் பன்னிரண்டு மாதம். ஆனி 30 இல் முடியும். ஆடி முதலாம் திகதி மொன்றியல் நகரமே கட்டில் மெத்தையோடு தெருவில் நிற்பதை வந்த முதல் வருடமே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனி 30 இல் முடிகிற லீசுக்கு, தை தொடக்கம் பங்குனிக்குள் வாடகை கூட்டும் கடிதம் வரும். ஒரு மாதத்துக்குள் நாங்கள் பதில் கொடுக்க வேண்டும். அடுத்த ஆடியில் எந்தத் தெருவில் இருப்போம் என்று எங்களுக்கே தெரியாதபோது 24 மாதத்துக்கு ஒரு தெருவின் கம்பிக்குக் கையெழுத்து வைத்திருக்கிறோம்!

அன்றிரவு காகிதமும் பேனையும் எடுத்துக்கொண்டு இருந்தோம். எங்களிடம் ஏற்கெனவே கேபிள் வழியாக வரும் இன்ரநெற் இருந்தது. மாதம் 55 டொலர், கட்டு ஒன்றுமில்லை. இரண்டு வரிகளும் (5 வீதமும் 9.975 வீதமும்) சேர்த்தால் 63 டொலர் 24 சதம். புதியது வரியோடு 68 டொலர் 99 சதம். வித்தியாசம் மாதம் ஆறு டொலர்கூட இல்லை. இரண்டு வருடத்துக்கு 138 டொலர். இதைப் பார்த்தபோது, பிறகென்ன, எடுக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் 24 மாதம் முடிந்தால் கழிவு போய்விடும், விலை 90 டொலர். வரியோடு 103 டொலர் 48 சதம். அது சிறிய எழுத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு மொத்தம் 1,655 டொலர். 2025 மே 1 இல் கியூபெக்கின் அடிப்படைச் சம்பளம் 16 டொலர் 10 சதமாகியது. அந்தக் கணக்கில், சம்பளத்தில் வெட்டுவதெல்லாம் வெட்டுவதற்கு முன்னரே, 103 மணித்தியால வேலை.

இடையில் விட்டால் என்ன நடக்கும்? இந்த மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2010 ஆனி 30 தொடக்கம் இதில் எங்கள் பக்கம் நிற்கிறது. கட்டுக்கால ஒப்பந்தமானாலும் எந்த நேரமும் விலகலாம். பொருள் எதையும் கழிவில் தரவில்லையென்றால், கொம்பனி கேட்கக்கூடியது 50 டொலர் அல்லது மிச்சச் சேவையின் விலையில் 10 வீதம், இரண்டில் எது குறைவோ அது. பொருளொன்றைக் கழிவிலோ இலவசமாகவோ தந்திருந்தால், அந்தக் கழிவில் மாதாமாதம் குறைந்துகொண்டு போகும் மிச்சத்தைக் கேட்கலாம். எங்கள் இலவச றூட்டரை இப்படிப் பார்த்தால் மாதத்துக்குப் பத்து டொலர் குறையும். ஐந்தாம் மாதம் ஆடியில் வீடு மாறினால் 190 டொலர் கட்ட வேண்டும். இலவசத்தின் விலை அது.

சட்டத்தில் வேறு சிலவும் உண்டு. கட்டு முடிவதற்கு 90 நாளுக்கும் 60 நாளுக்கும் இடையில் கொம்பனி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதைத் தானாகவே இன்னொரு கட்டுக்காலத்துக்கு நீட்ட முடியாது. அந்தக் கடிதம் வந்தால் விளம்பரமென்று எறிந்துவிடாதீர்கள். விலை பேசுவதற்கு அதுதான் நேரம்.

இனிப் பைபர் என்றால் என்ன என்பதையும் பார்ப்போம். தலைமயிர் போன்ற கண்ணாடி நூலுக்குள்ளால் வெளிச்சம் ஓடுகிறது. இப்படி வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966 இல் காட்டிய சார்ள்ஸ் காவோவுக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. மொன்றியலில் 854 மில்லியன் டொலர் செலவில் 11 இலட்சம் வீடுகளுக்கும் வியாபார நிலையங்களுக்கும் இந்த நூலை இழுக்கப்போவதாக 2017 பங்குனியில் பெல் நிறுவனம் அறிவித்தது. கேபிளிலும் வேகம் உண்டு. ஆனால் கேபிளில் எங்கள் வீட்டுக்கு வரும் வழி அகலம், வீட்டிலிருந்து போகும் வழி ஒடுக்கம். பைபரில் போக்கும் வரவும் பொதுவாக ஒரே அளவு. வீட்டிலிருந்து பெரிய கோப்புகள், வீடியோக்கள் அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். எங்களுக்கு?

இணைய வேகத்துக்கு 2016 மார்கழியில் மத்திய ஒழுங்குபடுத்தும் ஆணையம் வைத்த இலக்கு, வருவதற்கு 50 மெகாபிற், போவதற்கு 10. எங்கள் கேபிளில் அது இரண்டுமே உண்டு. நெற்பிளிக்ஸ் நல்ல தெளிவான படத்துக்குக் கேட்பது 5 மெகாபிற். வீடியோவில் கதைக்க ஓரிரு மெகாபிற் காணும். மகன் வீட்டுப்பாடம் செய்ய, மனைவி இன்ரநெற்றில் பிரெஞ்சு வகுப்பு எடுக்க, நாங்கள் படம் பார்க்க, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 50 நிரம்பாது. அப்படியானால் அன்று ஐயாவின் படம் ஏன் நின்றது?

இதற்கு விடை எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தது. மொன்றியலின் இந்தப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. மொடம் முன்வாசலில், சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் நிலத்தில் கிடந்தது. குசினி கடைசியில். நடுவில் நான்கு சுவர், ஒரு குளியலறை. நண்பர் சொன்னபடி மொடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்தோம், பிறகு குசினியில் அளந்தோம். குசினியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பைபர் பூட்டியிருந்தாலும் அதே சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால்தான் பூட்டியிருப்பார்கள்! மற்றப் பாதிப் பிழை ஊரில். மச்சாளின் ரெலிபோன் முற்றத்தில் நூறு பேருக்கு நடுவில் ஒரே கோபுரத்தை நம்பி நின்றது. அதற்கு மொன்றியலில் எந்தக் கொம்பனியும் மருந்து தர முடியாது.

எங்களுக்கு முன் வந்த அண்ணன்மார் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 90களில் பல வருடங்களாக யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோனே இல்லை. அம்மாவின் குரல் கேட்க வேண்டுமென்றால் அம்மா கொழும்புக்கு வர வேண்டும். இங்கே பத்து டொலர் காட்டைச் சுரண்டி இலக்கம் அடித்து, அழுது முடிப்பதற்குள் காட் முடிந்துவிடும். நியாயம்தான். ஆனால் அவர்களும் அந்தக் காட்டுக்காகச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தவர்கள்தான்.

கையெழுத்து வைத்தாகிவிட்டதே, இனி என்ன என்று பயப்பட வேண்டியிருக்கவில்லை. கியூபெக்கில் வீட்டு வாசலில் வந்து விற்பவரோடு செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்குக் கிடைத்துப் பத்து நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். அதற்கான படிவம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆறாம் நாள் அதை நிரப்பி, மருந்துக் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் பதிவுத் தபாலாக அனுப்பினோம். ரெலிபோனில் சொன்னால் போதாதா என்று கேட்காதீர்கள். ரெலிபோனில் சொன்னதற்குத் துண்டு இல்லை. தகராறு வந்தால் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமும், தொலைத்தொடர்பு முறைப்பாடுகளை இலவசமாக விசாரிக்கும் கனேடிய ஆணையமும் இருக்கின்றன. இரண்டும் முதலில் கேட்பது கடதாசியைத்தான்.

பைபர் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கீழ்த்தட்டு அக்கா ரியூசன் கொடுக்கிறா. ஆறு பேர் உள்ள வீடு. லீசும் பழையது, வாடகையும் குறைவு, அவ அசையப் போவதில்லை. அவ எடுத்தது சரியான முடிவு. ஆனாலும் அவவுக்கும் ஒரு கரைச்சல் வந்தது. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கவில்லை. பூட்ட வந்தவர் திரும்பிப் போய்விட்டார். முதலிலேயே ஒரு வரி எழுதிச் சம்மதம் வாங்கி வையுங்கள். இன்னொன்று: 2023 சித்திரை 5 ஆம் திகதி உறைமழையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரோ கியூபெக் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. பழைய செப்புக் கம்பி ரெலிபோன் மின்சாரம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பைபர் ரெலிபோன், பற்றரி வைக்காவிட்டால், வீட்டு மின்சாரத்தோடு நின்றுவிடும். வயது போனவர்கள் உள்ள வீட்டில் 911 அடிப்பதற்கு வேறொரு வழியும் இருக்க வேண்டும்.

விலை கேட்கும்போது பெரிய கொம்பனிகளோடு நின்றுவிட வேண்டாம். பெல் தன் பைபரைச் சிறிய கொம்பனிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 2023 கார்த்திகையில் ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் உத்தரவு போடப்பட்டது. அதே நூலில் வேறு பெயரில் வேறு விலை கிடைக்கலாம். பிள்ளைகளுக்கான மத்திய அரசுக் கொடுப்பனவை முழுமையாக எடுக்கும் குடும்பங்களுக்கு, 2022 இல் விரிவாக்கிய திட்டத்தின் கீழ் மாதம் 20 டொலருக்கு 50 மெகாபிற் இன்ரநெற் வந்தது. அழைப்புக் கடிதம் தபாலில்தான் வரும். வழக்கு முடியாத எங்களுக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை. முடிந்தவர்கள் தபால் பெட்டியைக் கவனியுங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதற்கு முதல்நாள் மொடத்தை நிலத்திலிருந்து எடுத்து நடு அறை அலுமாரியின் மேல் வைத்தோம். நீண்ட கம்பி ஒன்று வாங்கி, மகனின் பழைய கணினியைக் குசினியில் நேரடியாகப் பூட்டினோம். அம்மாவின் முகம் முழுவதும் தெரிந்தது. காதில் தோடு இல்லாதது தெரிந்தது. ஐயர் பெயர் கேட்டபோது எங்கள் எல்லோருடைய பெயரையும் அம்மாதான் சொன்னா. முக்கால் மணித்தியாலம் படம் நிற்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் மச்சாளின் ரெலிபோனில் சார்ஜ் முடிந்துவிட்டது.

வாடகைக் கடிதம் பங்குனி பத்தாம் திகதி வந்தது. மாதம் 70 டொலர் கூட்டிக் கேட்டிருக்கிறார். பதில் கொடுக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.