மாடல் விமானம் செய்வோம் – 9: பழி எல்லாம் சிக்னலுக்கு

மாடல் விமானம் பறக்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு வசனம் காதில் விழும். மூக்கு நசுங்கிய ஃபோம் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற கல்லூரிப் பையனிடம் என்னாச்சு என்று கேட்டால், “சிக்னல் போயிடுச்சுண்ணே” என்பான். கொஞ்சம் விவரமானவன் என்றால் தூரத்தில் தெரியும் செல்போன் டவரையும் கை காட்டுவான். அவனிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “விழும்போது எதெது வேலை செஞ்சுது, எதெது செய்யலப்பா?” பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. ஆனால் கோளாறு எங்கே என்று சொல்வது அந்த பதில்தான்.

மோட்டார் மட்டும் நின்றுபோய், இறக்கையில் உள்ள எய்லரானும் வாலில் உள்ள எலிவேட்டரும் ஸ்டிக்குக்குக் கட்டுப்பட்டபடியே இருந்திருந்தால் ரேடியோவைக் குற்றம் சொல்ல முடியாது. பேட்டரி இறங்கிவிட்டது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. அதை நிறுத்திவிட்டு, மிச்சம் இருக்கும் கரண்டை நீங்கள் தரையிறங்குவதற்காகச் சேமித்துத் தந்திருக்கிறது. ஒரே ஒரு பகுதி மட்டும் அசையவில்லை என்றால் அதை அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டார், அல்லது அதன் ஒயர். ரிசீவரில் அதை வேறு சேனலில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அசையவில்லையா, சர்வோ போய்விட்டது. அங்கே அசைகிறதா, பழைய சேனலையோ டிரான்ஸ்மிட்டர் செட்டிங்கையோ பாருங்கள். எல்லாமே ஒரே நேரத்தில் செத்துப்போனால்தான் சிக்னல் என்ற பேச்சுக்கே இடம். அப்போதும் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான் விழ வேண்டும்.

சிக்னலைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் அது நியாயமான குற்றச்சாட்டு. 1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற மாடலை ரேடியோ மூலம் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஒரு செட்டுக்கு ஒரு அலைவரிசை என்றுதான் வண்டி ஓடியது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் ஜோடி கிரிஸ்டல். கிளப் மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகள் வரிசையாக மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுள்ள கிளிப் கையில் இருந்தால் மட்டுமே டிரான்ஸ்மிட்டரைப் போடலாம். அதே சேனலில் இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைத் தட்டினால் உங்கள் விமானம் அவ்வளவுதான். உலோகமும் உலோகமும் உரசினால்கூட சர்வோ துடிக்கும். ரிசீவரிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனா ஒயர் வால் வரை இழுத்துக் கட்டியிருக்கும்.

2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. இன்றைய செட்டுகள் ஒரே அலைவரிசையில் உட்காருவதில்லை; விநாடிக்குப் பலமுறை தாவுகின்றன. தாவும் இந்த உத்திக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ரேடியோவால் செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்பிவிடாமல் தடுப்பது அவர்கள் நோக்கம். 88 அலைவரிசைகள் என்று திட்டமிட்டார்கள். பியானோவில் அத்தனை கட்டைகள்! இரண்டு பேர் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும் கதை இப்போது கிடையாது. வசனம் மட்டும் பழைய காலத்திலிருந்து அப்படியே தங்கிவிட்டது.

சென்ற வாரம் மோட்டார், பேட்டரி, ஈ.எஸ்.சி. மூன்றையும் பொருத்தினோம். இப்போது ரிசீவரை இணைப்போம். நம் ஊரில் ஆரம்பக்காரர்கள் பலரிடம் இருக்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டரையும் அதோடு வரும் ஆறு சேனல் ரிசீவரையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு செட் வைத்திருப்பவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான், பட்டன்தான் மாறும்.

முதல் வேலை, புரொப்பெல்லரைக் கழற்றுவது. கழற்றிவிட்டு மேலே படியுங்கள்.

டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்வதற்கு பைண்ட் என்று பெயர். ரிசீவரில் அதற்கென்று உள்ள துளையில் பைண்ட் பிளக்கைச் செருகிக் கரண்ட் கொடுத்தால் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னும். டிரான்ஸ்மிட்டரில் பைண்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். ஒரு தடவை செய்தால் போதும். இதில் ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அந்தக் குட்டி பிளக். அதைப் பிடுங்க மறந்துவிட்டால், அடுத்த தடவை பேட்டரியை மாட்டும்போது ரிசீவர் மறுபடியும் பைண்ட் ஆகத்தான் முயலும். விளக்கு மின்னும், எதுவும் அசையாது. ‘ரிசீவர் செத்துப்போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அந்தத் துளையைப் பாருங்கள்.

சர்வோ பிளக்கைத் தலைகீழாகச் செருகுவதும் நடக்கும். பயப்பட வேண்டாம். மூன்று ஒயரில் பாசிட்டிவ் நடுவில் இருப்பதால் திருப்பிச் செருகினாலும் எதுவும் புகைந்துவிடாது. சர்வோ சும்மா இருக்கும், அவ்வளவுதான். திருப்பிச் செருகினால் சரி.

மோட்டார் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்து, சுற்ற மறுத்தால்? மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் ஸ்டிக் கீழே முழுசாக இறங்கவில்லை என்று ஈ.எஸ்.சி. நினைக்கிறது. த்ராட்டில் டிரிம் மேலே ஏறியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால் சேனல் ரிவர்ஸ் ஆகியிருக்கலாம். ஃபுட்டாபா டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் த்ராட்டில் சேனலை ரிவர்ஸில் போட்டால்தான் மோட்டார் உயிர் பெறும். ஸ்டிக் கீழே இருக்கும்போது ஈ.எஸ்.சி.க்கு முழு வேகம் என்று செய்தி போனால், அது சுற்ற மறுப்பதுதானே நமக்குப் பாதுகாப்பு?

இனி கரண்ட் விஷயம். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பெரும்பாலான சிறிய விமானங்களில் ரிசீவருக்குத் தனி பேட்டரி கிடையாது. ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி. என்ற பகுதி, பெரிய பேட்டரியின் வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. விலை குறைந்த ஈ.எஸ்.சி.களில் இது லீனியர் வகை. மிச்ச வோல்டேஜை வெறும் சூடாக எரித்துத் தள்ளும். முழுதாக சார்ஜ் ஏறிய மூன்று செல் லிப்போ பேட்டரி 12.6 வோல்ட். அதில் 5 போக 7.6. சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு, தபால் தலை அளவு சில்லின் தலையில். நான்கு சர்வோ, அதில் ஒன்று சிக்கித் திணறுகிறது என்றால் இழுவை இன்னும் கூடும். சூடு தாங்காமல் பி.ஈ.சி. தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், அல்லது வோல்டேஜ் சரியும். கிரைண்டரைப் போட்டதும் ட்யூப் லைட் மங்குகிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் லைட் மங்குவதோடு போகிறது; இங்கே ரிசீவருக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி முதலிலிருந்து துவங்குகிறது. அது எழுந்து டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்க மூன்று விநாடி ஆனது என்று வையுங்கள். விநாடிக்கு 15 மீட்டர் போகும் விமானம் அதற்குள் 45 மீட்டர் போய்விடும், அதுவும் யார் சொல்லும் கேளாமல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விழுந்த விமானத்தைப் போய் எடுத்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். காற்றின் அழுத்தம் இல்லை, சர்வோவுக்குச் சுமை இல்லை, பி.ஈ.சி.யும் ஆறிவிட்டது. ஸ்டிக்கை அசைத்தால் எய்லரான் அழகாக ஆடும். ‘பாருங்கண்ணே, செட்ல ஒண்ணுமே இல்ல. சிக்னல்தான்’ என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

இதை மேஜை மேலேயே கண்டுபிடித்துவிடலாம். முழு சார்ஜ் பேட்டரியை மாட்டுங்கள். ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் ஐ6 போன்ற டிரான்ஸ்மிட்டரின் திரையிலேயே தெரியும். தெரியாத செட் என்றால் காலியாக உள்ள ஒரு சேனலில் மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ஒரு நிமிடத்துக்கு விடாமல் வட்டமாகச் சுழற்றுங்கள். பக்கத்தில் ஒருவரை எலிவேட்டரையும் எய்லரானையும் விரலால் லேசாகத் தடுக்கச் சொல்லுங்கள். 5.0-ல் இருந்து 4.8 வரை இறங்கி ஏறினால் கவலை இல்லை. 4.5-க்குக் கீழே நழுவினால் அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள். ஸ்டிக்கைத் தொடாதபோதும் ஒரு சர்வோ ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கிறதா? கம்பி இறுக்கமாக இருக்கிறது, அல்லது ஹார்ன் எங்கோ முட்டுகிறது. அதைச் சரி செய்தாலே பாதி கரண்ட் மிச்சம். அப்படியும் வோல்டேஜ் நிற்கவில்லை என்றால் சுவிட்சிங் வகை பி.ஈ.சி. ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். சூடு வெகுவாகக் குறையும். மாட்டும்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும். இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வந்து மோதக் கூடாது.

ஆன்டெனா பற்றிக் கொஞ்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 31 மில்லிமீட்டர். ரிசீவர் ஒயரின் நுனியில் உறை இல்லாமல் தெரியும் பகுதி அதுதான். உண்மையில் வேலை செய்வது அந்த 31 மில்லிமீட்டர் மட்டுமே. அதைச் சுருட்டிப் பேட்டரிக்கு அடியில் திணித்தால் சிக்னல் நிஜமாகவே போகும். கார்பன் ஃபைபர் குழாய் பக்கத்தில் ஒட்டினாலும் போகும். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரில் இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து டேப் ஒட்டுங்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது கண்ணில் படும். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதீர்கள், நுனித் திசையில்தான் அது மிகவும் பலவீனம்.

அடுத்தது திசை. ‘ஆடுதா? ஆடுது. போதும்’ என்று முடித்துக்கொள்பவர்கள் நிறைய. எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதுதானே கேள்வி? இது பொம்மை விமானக்காரர்களின் அசட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23 அன்று அவ்ரோ டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் இறந்துபோனார். எய்லரான் கேபிள்களை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். எழுபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில், போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் விமானத்திலும் இதே பிழை. விமானிகள் வெகுநேரம் வானத்தில் போராடி, மூன்றாவது முயற்சியில்தான் இறக்கினார்கள்.

விமானத்தின் வால் பக்கம் நில்லுங்கள், மூக்குப் பக்கம் நின்றால் இடம் வலம் குழம்பும். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டர், தள்ளும் பக்கமே திரும்பும். சர்வோவை மாற்றினால், இறக்கையைக் கழற்றி மாட்டினால், டிரான்ஸ்மிட்டரில் வேறு மாடல் மெமரிக்குப் போய்வந்தால் மறுபடி பாருங்கள். பல செட்டுகளில் தப்பான மெமரியில் இருந்தாலும் விமானம் இயங்கும். ரிவர்ஸ் மட்டும் தாறுமாறாகக் கிடக்கும்.

கடைசியாக ஃபெயில்சேஃப். சிக்னல் உண்மையிலேயே போய்விட்டால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. ஐ6-ல் இதை மெனுவுக்குள் போய் நாம்தான் போட வேண்டும். பலர் போடுவதே இல்லை. த்ராட்டில் பூஜ்ஜியம் என்று போடுங்கள். பிறகு, புரொப்பெல்லர் இல்லாத மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத விமானம் மைதானத்துக்கு வரக் கூடாது. ஆளில்லாமல் முழு வேகத்தில் ரோட்டுப் பக்கம் போகும் ஒன்றரைக் கிலோ பொருளை யாராலும் பிடிக்க முடியாது. இந்தச் சோதனையையும் பைண்ட் செய்வதையும் தவிர மற்ற எல்லா நேரத்திலும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், கடைசியில் அணையுங்கள்.

அடுத்த வாரம் விமானத்தின் எடை எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்போம். அதற்குள் வோல்டேஜ் சோதனையைச் செய்து, எண்ணை விமானத்தின் வயிற்றில் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த பேட்டரி வாங்கும்போது தேவைப்படும்.

(பறப்போம்)