சங்கிலி வேண்டாம், குடும்பம் போதும்!

மனச்சிதைவு நோய்: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

'எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க' என்று மகன் புலம்ப ஆரம்பித்தால், பல வீடுகளில் முதலில் தேடுவது மந்திரிப்பவரைத்தான். அப்படி ஏர்வாடியில் கொண்டுபோய் விடப்பட்டவர்களில் 28 பேர், 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் பலியானார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. இன்று, 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

சரி, கட்டி வைக்காமல் வீட்டில் எப்படிக் கவனிப்பது? அதை யார் சொல்லித் தருவது?

கூடாரத்தில் தொடங்கிய பாடம்

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் ஒரு புதுமை செய்தார். வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்க வைத்தார். நோயைப் புரிந்துகொண்ட குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளைக் கைவிடாமல் வீட்டுக்கு அழைத்துப் போயின. வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிமான்ஸும் இதே வழியில் உறவினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டன.

நிமான்ஸ், மருத்துவமனையாக மட்டும் இல்லாமல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. மனநல மருத்துவர்களோடு செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், உளவியலாளர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 1970-களிலேயே பெங்களூரு அருகே சக்கலவாராவில் மையம் அமைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தது. அந்த அனுபவம் பெல்லாரி மாவட்டத்துக்கு விரிந்து, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமாகக் கிளம்பியது.

குடும்பத்துக்குச் சொல்லித் தருவது

* இந்த நோய்க்குத் தாயின் வளர்ப்போ, பாவமோ காரணம் இல்லை.
* குணமானதுபோலத் தெரிந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
* காதில் கேட்கும் குரலைப் பற்றி வாக்குவாதம் வேண்டாம். 'அது உனக்குப் பயமா இருக்கா?' என்று கேளுங்கள்.
* ஓயாத குத்தல் பேச்சு உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பது லண்டன் ஆய்வுகளிலேயே தெரிந்தது. 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள். அதுவும் நோயின் அறிகுறியே.
* தூக்கம் குறைவது, சந்தேகம், குளிக்க மறுப்பது ஆகியவை நோய் திரும்புவதற்கான எச்சரிக்கை மணி.
* கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். பொறுப்பை அம்மா ஒருவர் தலையிலேயே சுமத்தாதீர்கள்.

2022 அக்டோபர் முதல் செயல்படும் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்ளும் நீங்களும் அழைக்கலாம்.